வார ஓய்வு நாளில் இன்னொரு வேலை: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

வாரம் முழுவதும் ஆலையிலோ அலுவலகத்திலோ சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர், ஓய்வு நாளில் வேறோர் இடத்தில் வருமானத்துக்காக உழைக்கலாமா? நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. களைப்பை ஆராய்ந்த மருத்துவர்களும் நீதிபதிகளும் பொருளியலாளர்களும் தொழிற்சங்கத்தினரும் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். 2022இல் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் எழுந்த இரட்டை வேலைச் சர்ச்சை இந்தக் கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே பேசப்பட்டவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்தவர்கள். உருக்காலையில் ஷிப்ட் பார்க்கும் மேற்பார்வையாளரும் டிப்ளமோ முடித்த தரக்கட்டுப்பாட்டுப் பணியாளரும் ஐ.டி.ஐ. ஃபிட்டரும் அந்த விவாதத்தில் இடம்பெறவில்லை.

இவர்கள் திரளாக இருக்கும் பகுதிகளில் ஒன்று சென்னையின் வடக்கும் வடமேற்கும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்னைக்கு ஏறக்குறைய 45 கி.மீ. வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் இருக்கிறது. இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்படச் சாலைகள், வேதித் தொழிற்சாலைகள் என உடலை வாட்டும் தொழில்கள் அங்கே அதிகம். தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷலின் டயர் ஆலையும், திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலையும், காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ளன. எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து நாள்தோறும் அங்கே வேலைக்குப் போய்வருவோரும் உண்டு. முன்வைக்கப்பட்ட விடைகளை இந்தப் பகுதியின் நடைமுறையோடு சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது ஓரளவு தெளிவாகும்.

ஓய்வைக் காக்கும் வாதம்

வார ஓய்வு இந்தியத் தொழிலாளர்களுக்கு யாரும் கொடையாகத் தந்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நாராயண் மேகாஜி லோகண்டே 1880களில் நடத்திய இயக்கத்தின் பயனாக 1890இல் ஞாயிறு விடுமுறை ஏற்கப்பட்டது. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் வார ஓய்வு இடம்பெற்றது. வார வேலை நேரத்துக்கான உச்சவரம்பு 1922இல் 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி எனப் படிப்படியாக இறங்கியது. சென்னையில் 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கும் நேரம் ஒரு முதன்மைப் பிரச்சினை: பின்னி ஆலைகளில் உணவு இடைவேளை போதவில்லை என்பது அதன் தொடக்கக் குறைகளில் ஒன்று. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற நாளை மறுபடி விற்பது சரிதானா என்று இந்த மரபில் வந்தவர்கள் கேட்பது நியாயமானது.

இவர்களுக்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய 1915இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் முதல் அறிக்கையே ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றியது. ஓய்வின்றி ஏழு நாளும் உழைப்பதால் உற்பத்தி எதிர்பார்த்த அளவு கூடுவதில்லை என்று அது எச்சரித்தது. ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் நூறாண்டுகளுக்குப் பிறகு அந்தத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் கிடைக்கும் உற்பத்தி குறைந்துகொண்டே போகிறது என்றும், ஓய்வு நாள் இல்லாமற்போவது மற்ற நாட்களின் உற்பத்தியையும் பாதிக்கிறது என்றும் காட்டினார். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும் இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று அது மதிப்பிட்டது. ஆலையில் 48 மணி பார்த்துவிட்டு ஞாயிறன்று எட்டு மணி நேரம் வேறு வேலைக்குப் போனால் 56 ஆகிவிடும். எல்லைக்கோடு அவ்வளவு அருகில் இருக்கிறது.

இந்த வாதத்தின் பலவீனங்களும் சிறியவை அல்ல. எல்லா இரண்டாவது வேலையும் ஒரே அளவு களைப்பைத் தருவதில்லை. உலைக்கு முன் நின்றவர் ஞாயிறு காலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதையும், அவரே இன்னோர் உலைக்கு முன் போய் நிற்பதையும் ஒரே கணக்கில் சேர்க்க இயலாது. அடுத்து, ஓய்வு நாள் எல்லோருக்கும் ஓய்வு நாள் என்ற அனுமானம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் ஞாயிறு, துவைப்பதிலும் அடுத்த வாரத்துக்கு மாவரைப்பதிலும் முன்பே தீர்ந்துபோகிறது. அவருக்கு இரண்டாவது வேலை கூடாது என்று சொல்வதும் ஆகும் என்று சொல்வதும் ஏறக்குறைய ஒரே பொருளற்ற பேச்சு. முக்கியமாக, ஓய்வைக் காக்கச் சொல்பவர்கள் அந்த நாளின் வருமானத்துக்கு மாற்று சொல்லியாக வேண்டும். மாற்று என்பது முதல் வேலையின் சம்பளம்தான்; ஓய்வைப் பற்றிய எழுத்துகள் பலவும் அந்த இடத்துக்கு வந்ததும் மௌனமாகிவிடுகின்றன.

விசுவாச வாதம்

வேலைக்கு வைத்தவரின் நலனுக்கு எதிராகத் தொழிலாளி நடக்கக் கூடாது என்பது பழைய ஆங்கிலேய வழக்குச் சட்டக் கொள்கை. ஓய்வு நாளுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை 1946இன் ஹிவாக் வழக்கு நேராக எதிர்கொண்டது. காது கேட்கும் கருவிகளுக்கான சிறு வால்வுகளைத் தயாரித்த ஒரு நிறுவனத்தின் தேர்ந்த தொழிலாளர்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி நிறுவனத்துக்கும் அதே வேலையைச் செய்துகொடுத்தார்கள். நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் ஓய்வு நேரத்தில் ஒரு தொழிலாளி செய்வதையெல்லாம் கட்டுப்படுத்துவது அவர் மீது சுமத்தப்படும் கடுமையான பாரமாகிவிடும் என்ற தயக்கத்தையும் பதிவுசெய்தது. போட்டியாளருக்கு வேலை செய்ததும், அதனால் முதல் நிறுவனத்துக்கு நேரக்கூடிய சேதமுமே தீர்ப்பின் அடிப்படை.

இந்தியாவில் 1967இல் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில், வேலை ஒப்பந்தம் நடப்பிலிருக்கும் காலத்துக்குள் வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிலக நிலையாணைகளின் மாதிரி விதிகளிலும் இதே கருத்து உண்டு. ஆனால் அங்கே முதலாளியின் நலனைப் பாதிக்கக்கூடிய கூடுதல் வேலை என்ற வரையறை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி இரட்டை வேலையை ஏமாற்று என்றே வருணித்தார். அடுத்த மாதம் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக அந்நிறுவனம் தெரிவித்தது. இன்ஃபோசிஸ் முதலில் கண்டித்துவிட்டு, பிறகு முன் அனுமதியோடு வெளி வேலைகளை ஏற்கலாம் என்று இறங்கி வந்தது.

திருவள்ளூர்ப் பகுதியில் இந்த வாதம் நிற்கும் இடம் குறுகலானது. சி.என்.சி. புரோகிராம் எழுதுபவர், அச்சு வடிவமைப்பவர், தர ஆவணங்கள் தயாரிப்பவர் போன்றோர் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் போட்டி ஆலைக்கு அதையே செய்துகொடுத்தால் கேள்வி எழுவது முறைதான். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவதால் உருக்காலைக்கு என்ன சேதம்? அப்படியிருந்தும் பணி நியமனக் கடிதங்களில் எழுத்து மூல அனுமதியின்றி வேறு எந்த வேலையும் கூடாது என்ற பொது வாசகம் சாதாரணமாக இடம்பெறுகிறது. ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், குறித்த காலப் பணியாளர் என்று ஆட்களை எடுத்து நிரந்தரம் தராமல் வைத்திருக்கும் இடங்களில் முழு விசுவாசத்தைக் கேட்பது நியாயத்துக்கு ஒவ்வாது. விசுவாசம் இரு பக்கக் கடமை என்பதை இந்த மரபே ஒப்புக்கொள்கிறது.

தன் நேரம் தன்னுடையது என்ற வாதம்

ஊதியம் வாங்கிய நேரத்துக்கு மேல் முதலாளிக்கு உரிமை இல்லை என்பது இதன் சாரம். ஸ்விகி 2022 ஆகஸ்டில் ஊழியர்களின் வெளி வேலைக்குக் கொள்கையளவில் இடமளித்ததும், அப்போதைய ஒன்றிய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் ஊழியர்களின் தொழில்முனைவுக்கு அணை போடும் முயற்சி தோல்வியடையும் என்று பேசியதும் இந்தப் பக்கத்துக்கு வலுச் சேர்த்தன. ஆனால் வேறு வழியில்லாமல் எடுத்த முடிவையும் விரும்பி எடுத்த முடிவையும் இந்த வாதம் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசு ஊழியர்களுக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன, பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதை 2009இன் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது.

பொருளியலாளரின் விளக்கம்

ராபர்ட் ஷிஷ்கோவும் பெர்னார்ட் ரோஸ்ட்கரும் 1976இல் அமெரிக்கப் பொருளியல் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. முதல் வேலையில் எவ்வளவு நேரம் உழைக்கலாம் என்பதைத் தொழிலாளி முடிவுசெய்வதில்லை. நிறுவனம் வைத்த வரம்பு தன் தேவைக்குக் குறைவாக இருந்தால், குறைந்த கூலிக்கானாலும் இரண்டாவது வேலையைத் தேடுகிறார். பின்னர் கரேன் கான்வே, ஜீன் கிம்மல் போன்றோர் இன்னொரு நோக்கத்தையும் முன்னிறுத்தினார்கள்: முதல் வேலை தராத ஒன்றை, அதாவது திறன் வளர்ப்பையோ சொந்தத் தொழிலுக்கான ஒத்திகையையோ, இரண்டாவது வேலை தரலாம்.

இந்த விளக்கம் கும்மிடிப்பூண்டிக்கு ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது, காரணம் ஓ.டி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்று வைத்தது. அது உண்மையில் கிடைக்கும் இடத்தில் வெளி வேலை எதுவும் அதோடு போட்டியிட முடியாது. மேற்பார்வையாளர், பொறியாளர் நிலைக்கு உயர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஓ.டி. கிடையாது. ஆர்டர் குறைந்த மாதங்களில் தொழிலாளர்களுக்கும் அது நின்றுவிடும். ஓ.டி. பணத்தை நம்பி வண்டித் தவணை கட்டத் தொடங்கியவர், அது நின்றதும் ஞாயிறு வேலை தேடுகிறார். பதவி உயர்ந்தவர் ஓ.டி.யை இழந்து, முந்தைய மொத்த வருமானத்தை ஈடுகட்ட வெளியே தேடும் நிலையும் வரலாம். இரண்டாவது வேலை ஏழ்மையின் அடையாளம் மட்டுமே என்ற பொதுக் கருத்து இந்த இடத்தில் பிசகுகிறது.

விளக்கத்தின் குறை, அது அமெரிக்கக் குடும்பத் தரவுகளிலிருந்து பிறந்தது என்பதில் இருக்கிறது. இந்தியாவில் 2017 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு முதன்மை வேலை, துணை வேலை என்று பிரிக்கிறது. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வயரிங் வேலைக்குப் போகும் ஃபிட்டரைப் பிடிக்க அந்த வலை வடிவமைக்கப்படவில்லை.

இந்தப் பகுதியின் ஓய்வு நாள்

மேலே கண்ட நான்கு விடைகளும் ஒரு நாள் நிச்சயமாகக் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. அனுமானம் ஆட்டம் காண்பது இங்கேதான். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை என்பது அலுவலகப் பணியாளர்களில் ஒரு பகுதியினருக்கே உண்டு. ஆலைகளில் வாரத்துக்கு ஆறு நாள் வேலைதான் வழக்கம். தொடர்ந்து ஓடும் உலைகளில் வீக் ஆஃப் ஆளுக்கு ஆள் மாறும். ஏ, பி, சி ஷிப்ட் வாரந்தோறும் சுழலும். சி ஷிப்ட் முடித்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வருபவருக்கு, அந்தப் பகல் தூக்கத்துக்கே போதாது. தொழிற்சாலைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதை உணர்ந்து, இரவு ஷிப்ட்காரருக்கு விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியான 24 மணி என்று வைத்தது. அவருடைய விடுமுறை ஞாயிறு காலை ஆறு முதல் திங்கள் காலை ஆறு வரை. முகூர்த்தமோ, டியூஷன் வகுப்போ, மனை பார்க்க வரும் வாடிக்கையாளரோ அந்தக் கணக்குக்கு ஏற்ப நகர்வதில்லை.

ஆகவே இங்கே இரண்டாவது வேலை அமைவதைத் தீர்மானிப்பது ஆர்வமோ திறமையோ மட்டுமல்ல. பொது ஷிப்ட்டில் ஞாயிறு நிச்சய விடுமுறை உள்ளவர் வாராவாரம் ஓரிடத்தில் ஒப்புக்கொள்ளலாம். சுழல் ஷிப்ட்காரருக்கு முன்கூட்டி நாள் சொல்லத் தேவையில்லாத வேலைகளே ஒத்துவரும். 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா இந்தப் பின்னணியில் நினைவுகூரத்தக்கது. நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு நான்கு நாள், மூன்று நாள் விடுமுறை என்ற ஏற்பாட்டுக்கு அது வழிவிடும் என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்பட்டது. மூன்று நாள் விடுமுறை கிடைத்திருந்தால் அது ஓய்வாக இருந்திருக்குமா, இரண்டாவது வேலைக்கான இடமாக மாறியிருக்குமா என்ற கேள்வி அந்த விவாதத்தில் போதிய அளவு எழவில்லை. இரண்டாவது விளைவுக்கே வாய்ப்பு அதிகம் என்று கருத இடமிருக்கிறது.

என்னென்ன வேலைகள், எப்படிக் கிடைக்கின்றன

விளம்பரம் பார்த்து வேலை கிடைப்பது அரிது. மின்பொருள் கடைக்காரர், மண்டப மேலாளர், ஏற்கனவே அந்த வேலைக்குப் போய்வரும் ஷிப்ட் தோழர், ஊர் வாட்ஸ்ஆப் குழு ஆகிய வழிகளே முதன்மையானவை. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு வயரிங், மோட்டார் பழுது, வெல்டிங், கண்காணிப்புக் கேமரா பொருத்துதல் ஆகியவை இயல்பாக அமைகின்றன. மின்பணிக்கு அரசு வழங்கும் கம்பியாள் தகுதிச் சான்று வைத்திருப்பவருக்கு நம்பகம் கூடுதல். அது இல்லாமல் செய்வது சட்டச் சிக்கலுக்கும் ஆபத்துக்கும் இடம் தரும். டாலி தெரிந்த கணக்கர்களுக்குச் சிறு கடைகளின் ஜி.எஸ்.டி. கணக்கு மாதாமாதம் வரும் நிலையான வேலை. கேட்டரிங் சர்வீஸ் முகூர்த்த நாட்களை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் அது ஓய்ந்துபோகும். அதே ஆடி மாத ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரள்வதால் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் ஆள் தேவைப்படும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் குறிப்பிடத்தக்க ஞாயிறு வேலை மனை விற்பனை. நெடுஞ்சாலைகளை ஒட்டிய வயல்கள் மனைப் பிரிவுகளாகி, சென்னையிலிருந்து வேன்களில் வாடிக்கையாளர்களை அழைத்துவந்து காட்டும் நாள் பெரும்பாலும் ஞாயிறுதான். ஆலைப் பணியாளர்கள் முகவர்களாகச் சேர்க்கப்படுவது அவர்களிடம் தவணை கட்டக்கூடிய நண்பர்கள் இருப்பதால். பத்திரப்பதிவு நடந்தால்தான் கமிஷன்; மாதக்கணக்கில் ஒன்றும் வராமல் போகலாம். 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

உணவு விநியோகச் செயலிகள் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வசிப்பவர்களுக்குப் பயன்படும். கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே போய்வருவதில் பெட்ரோலுக்கே கணிசமான பகுதி போய்விடும், ஞாயிறன்று புறநகர் ரயில்களும் குறைவு. கைபேசியில் வரும் பகுதி நேர வேலை அழைப்புகளில் மோசடி மிகுதி. காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் சிறு தொகை தந்து, பிறகு முன்பணம் கட்டச் சொல்வது அதன் வழக்கமான வடிவம். ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையில் 2023 டிசம்பரில் இத்தகைய 100க்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டன. வேலை தருவதாகச் சொல்பவர் பணம் கேட்டால் விலகிவிட வேண்டும். ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

எண்ணிக்கையில் இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்கக்கூடியதை யாரும் இரண்டாவது வேலை என்று அழைப்பதில்லை. பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களின் ஊர்களிலிருந்து ஆலைக்கு வருபவர்களில் நிலமோ மாடோ உள்ளவர்கள் ஓய்வு நாளில் வயலில் நிற்கிறார்கள். விசுவாச வாதம் இதைக் கேள்வி கேட்பதில்லை, ஓய்வைக் காப்பவர்களும் கணக்கில் எடுப்பதில்லை. களைப்பு மட்டும் வயலையும் ஆலையையும் பிரித்தறிவதில்லை.

சட்டம் விட்டுவைத்த இடைவெளி

தொழிற்சாலைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இரட்டை வேலையைத் தடுத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதன் வாசகம் இன்னும் குறுகியது: ஒரு தொழிற்சாலையில் ஒரு நாளில் வேலை பார்த்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு நாளைப் பற்றி அப்பிரிவு நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆலையல்லாத இடத்தில் செய்யும் வேலையைப் பற்றியும் சொல்லவில்லை. 48 மணி நேர வரம்பையும் வார விடுமுறையையும் இரு ஆலைகளுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று வாதிடலாம். சட்டத்தின் நோக்கத்துக்கு அதுவே பொருத்தமான வாசிப்பு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இரட்டை வேலைத் தடை தொடர்கிறது. வருங்கால வைப்புநிதியின் பொதுக் கணக்கு எண் 2014இல் வந்தபின், இரு நிறுவனங்கள் ஒரே காலத்தில் சந்தா செலுத்தினால் அது பதிவேட்டில் தெரிந்துவிடும். அதனால் இரண்டாவது வேலை மேலும் மேலும் பதிவில்லாத பக்கம் தள்ளப்படுகிறது.

அந்தப் பக்கத்தின் உண்மையான ஆபத்து, விபத்து. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு ஈ.எஸ்.ஐ. காப்பு உண்டு. ஆலையில் அடிபட்டால் குணமாகும் வரை ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடும், நிரந்தர ஊனமானால் தொடர் உதவித்தொகையும் கிடைக்கும். ஞாயிறன்று வேறொருவர் வீட்டு மாடியில் வயரிங் செய்யும்போது விழுந்தால் அது பணிக்காயம் ஆகாது. சாதாரண நோய்க்கான 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை மட்டுமே. ஊதிய வரம்பைத் தாண்டிய மேற்பார்வையாளருக்கு அதுவும் இல்லை. செயலி வழித் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023இல் நலவாரியம் அமைத்தது. வயரிங், பரிமாறுதல், மனை விற்பனை அதன் எல்லைக்குள் வருவதில்லை.

தீராதவை

நான்கு வாதங்களில் ஓய்வைக் காக்கும் வாதத்துக்கே சான்று வலு அதிகம், குறிப்பாக உலை, வேதிப்பொருள், கனரக இயந்திரம் சார்ந்த வேலைகளில். ஆனால் அதைத் தடையாக மாற்றும்போது, சுமை முதல் வேலையில் போதாத சம்பளம் வாங்குபவர் தலையில் விழுகிறது. விசுவாச வாதத்தைப் போட்டித் தொழிலோடு நிறுத்திக்கொள்வதே ஹிவாக் தீர்ப்பின் தயக்கத்துக்கும் மாதிரி நிலையாணைகளின் சொற்களுக்கும் உகந்ததாகத் தோன்றுகிறது. பொதுத் தடை வாசகங்கள் எந்த அளவு நீதிமன்றத்தில் நிற்கும் என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது. பொருளியல் விளக்கம் யார் தேடுகிறார்கள் என்பதைச் சொல்கிறது. சுழல் ஷிப்ட்டுக்குள் வாழ்பவர் எதைத் தேட முடிகிறது என்பதை அது இன்னும் உள்வாங்கவில்லை.

ஞாயிறு வேலையின் களைப்பு திங்கள் ஷிப்ட்டின் விபத்துகளில் எந்த அளவு பங்கு வகிக்கிறது என்பதை அளக்க, ஆலைகளின் விபத்துப் பதிவேடுகளில் முந்தைய 24 மணி நேர வேலை விவரமும் இடம்பெற வேண்டும். தண்டனைக்குப் பயந்து தொழிலாளி அதை மறைக்க வேண்டிய நிலை இருக்கும்வரை, அப்படியொரு பதிவு உண்மையாக இருக்காது. புதிய தொகுப்புகளின் கீழ், ஈ.எஸ்.ஐ. காப்பு ஆளைத் தொடருமா, அல்லது வேலையிடத்தோடு நின்றுவிடுமா என்பதும் முடிவாக வேண்டியவற்றுள் ஒன்று.